கையெழுத்துப் போடாதவர்கள்

2006 ஜனவரி முதல் வாரம். மகனின் உடலைக் கேட்டுத் திருகோணமலை வைத்தியசாலையின் பிரேத அறையில் நின்ற ஒரு தகப்பனிடம் பொலிஸார் நிபந்தனை ஒன்றை வைத்தார்கள். 'உங்கள் மகன் புலி உறுப்பினர் என்று எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுங்கள், உடலைக் கொண்டுபோகலாம்.' போட்டிருந்தால் ஊரில் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கிறவனுக்குக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தால் என்ன? ஆனால் அந்தத் தகப்பன் போடவில்லை. அவர் பெயர் காசிப்பிள்ளை மனோகரன். தொழிலால் வைத்தியர். மருத்துவச் சான்றிதழ் தொடங்கி மரணச் சான்றிதழ் வரை எத்தனையோ காகிதங்களில் கையெழுத்திட்டுப் பழகியவர். ஒரு கையெழுத்து எங்கெல்லாம் போகும், யார் யார் மேசையில் எதற்கெல்லாம் சாட்சியாக நிற்கும் என்று நன்றாகத் தெரிந்தவர்.

தொழில் நேர்மை என்றதும் நமக்கு லஞ்சம்தான் நினைவுக்கு வரும். மேசைக்குக் கீழே நீளும் கை, காணி உறுதியைத் தேடித்தர ஐந்நூறு ரூபாய், கொந்தராத்தில் பத்து வீதம். இந்தத் துறைமுக மாவட்டத்தில் அதற்கெல்லாம் பஞ்சமில்லை. அவற்றைப் பற்றி மேடைதோறும் பேசியும் ஆயிற்று. இந்தக் கட்டுரை இன்னொரு வகை நேர்மையைப் பற்றியது. பணம் கைமாறாத இடத்தில், தன் தொழில் அறிந்த உண்மைக்கு மாறாக எழுதவோ ஒப்பமிடவோ சொல்லும்போது ஒருவர் மறுப்பது. அதைவிட முக்கியமாக, அந்த மறுப்புக்கான விலையை யார் கட்டுகிறார்கள் என்பது. இதற்குத் திருகோணமலையை விடக் கூர்மையான பாடம் வேறு ஊரில் கிடைப்பது அரிது.

2006 ஜனவரி 2, திங்கட்கிழமை மாலை. பக்கத்துக் கடற்கரை ஊரான உப்புவெளியிலிருந்து ஆட்டோவில் பத்துப் பதினைந்து நிமிடத் தூரத்தில், நகரத்துக் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஏழு இளைஞர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இருபதைத் தொட்ட வயதுக்காரர்கள். உயர்தரம் முடித்தவர்கள், பலர் பல்கலைக்கழகம் போனவர்கள் அல்லது போகவிருந்தவர்கள். ஆட்டோ ஒன்று வந்தது, அதிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. காயப்பட்டவர்களைச் சீருடைக்காரர்கள் சூழ்ந்தார்கள். மனோகரனின் மகன் ரஜீகர், படையினர் தங்களைச் சூழ்ந்திருப்பதாகத் தகப்பனுக்குக் கைத்தொலைபேசியில் தகவல் அனுப்பினான். ஓடிவந்த தகப்பனைக் கடற்படைக் காவலரண் உள்ளே விடவில்லை. அப்பால் இருட்டிலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. ஐவர் இறந்தார்கள், இருவர் தப்பினார்கள்.

மறுநாள் படைத்தரப்பு சொன்ன கதை இது: இளைஞர்கள் படையினரைத் தாக்கக் கைக்குண்டு கொண்டுவந்தார்கள், அது அவர்களிடமே வெடித்துவிட்டது. கொழும்பில் அந்தக் கதை செய்தியாகவும் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் இரண்டு தொழில்காரர்கள் குறுக்கே வந்தார்கள். ஒருவர் அரசாங்கச் சம்பளம் வாங்கும் சட்ட வைத்திய அதிகாரி. ஆயுதம் ஏந்தியவர்கள் வாசலில் நிற்கிற ஊரில், அரசாங்கத்தின் கதைக்கு நேர்மாறான காரணத்தை அவர் அரசாங்கப் படிவத்திலேயே எழுதினார். இளைஞர்கள் இறந்தது துப்பாக்கிச் சூட்டினால். அவர் செய்ததை வீரம் என்று சொன்னால் அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும். சூட்டுக்காயத்தைச் சூட்டுக்காயம் என்று எழுதுவது அவருக்குக் கற்பித்த வேலை, அவ்வளவுதான். ஆனால் அதே வேலையை மழுப்பிச் செய்ய ஆயிரம் வழிகள் உண்டு. 'பல காயங்கள்' என்று எழுதிவிட்டு எழுந்து போகலாம். மேலதிகப் பரிசோதனைக்காகத் தீர்ப்பை ஒத்திவைக்கலாம். நாட்டில் அப்படி ஒத்திவைத்து மறக்கப்பட்ட அறிக்கைகள் எத்தனையோ.

மற்றவர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த 'சுடர் ஒளி' நாளிதழின் திருகோணமலைச் செய்தியாளர். பிரேத அறைக்குள் போய் உடல்களைப் படம் எடுத்தார். படங்கள் 'சுடர் ஒளி'யில் வந்தன. கைக்குண்டுக் கதை அன்றோடு சரிந்தது. தலையில் கிட்டத்தில் வைத்துச் சுட்ட காயத்தையும் குண்டுச்சிதறல் காயத்தையும் பிரித்தறிய வாசகருக்கு மருத்துவப் படிப்புத் தேவைப்படவில்லை.

ஜனவரி 23இல் அவருடைய இன்னொரு செய்தி வெளியானது. அது மாவட்டத்தில் இயங்கிய துணை ஆயுதக் குழுக்களின் அட்டகாசங்களைப் பற்றியது. மறுநாள் 24ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகப் பஸ்ஸுக்காகக் காத்திருந்த இடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

'வேலைக்குப் போக' என்று சொன்னேனே, அது பத்திரிகை வேலை அன்று. சுகிர்தராஜன் பகுதிநேரச் செய்தியாளர். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை பார்த்தார். செய்தி எழுதியதும் படம் எடுத்ததும் அந்த வேலைக்கு வெளியே கிடைத்த நேரத்தில். இலங்கையின் பிராந்தியச் செய்தியாளர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று தலைநகரத்து வாசகர்கள் பலருக்குத் தெரியாது. மாதச் சம்பளம் என்று ஒன்று பெரும்பாலோருக்குக் கிடையாது. பிரசுரமான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. செய்தி பக்கம் ஏறாவிட்டால் அதுவும் இல்லை. நியமனக் கடிதம் இல்லை, ஊழியர் சேமலாப நிதி இல்லை, காப்புறுதி இல்லை. கச்சேரிக்கும் வைத்தியசாலைக்கும் நீதிமன்றத்துக்கும் ஓடுகிற மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல் சொந்தக் காசு. இப்படி ஓடுகிறவர் கொடுத்த படம்தான் ஒரு நாட்டின் பாதுகாப்புத் தரப்புச் சொன்ன கதையைப் பொய்யாக்கியது. அந்தப் படத்தின் பெருமையில் பத்திரிகைக்குப் பங்கு உண்டு, மனித உரிமை அறிக்கைகளுக்குப் பங்கு உண்டு, ஜெனீவாவில் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டிய எல்லோருக்கும் பங்கு உண்டு. விலை மட்டும் ஒருவர் கணக்கில்.

அந்தக் காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகள் பாதுகாப்பான தூரத்தில் உட்கார்ந்திருந்தன என்று சொல்ல வரவில்லை. 'சுடர் ஒளி' அலுவலகத்துக்கு 2005 ஓகஸ்டில் கைக்குண்டு வீசப்பட்டு ஒரு காவலாளி இறந்தார். அதன் சகோதரப் பத்திரிகையான 'உதயன்' யாழ்ப்பாண அலுவலகத்துக்குள் 2006 மே 2ஆம் திகதி துப்பாக்கிக்காரர்கள் புகுந்து இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். 2000 ஒக்டோபரில் மயில்வாகனம் நிமலராஜன், 2004 மே மாதம் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன், 2005 ஏப்ரலில் தராக்கி என்று உலகம் அறிந்த தர்மரத்தினம் சிவராம் எனப் பத்திரிகையாளர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். சிங்களப் பக்கத்திலும் ஆங்கிலப் பத்திரிகையின் பிரதம ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8இல் பட்டப்பகலில் வீழ்த்தப்பட்டார். ஆபத்து எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஆனால் ஆசிரியர் ஒருவருக்கு ஆபத்து வந்தால் தூதரகங்கள் விசாரிக்கும், விசா கிடைக்கும், பெயர் உலகத் தொலைக்காட்சிகளில் ஓடும். மாவட்டச் செய்தியாளருக்கு மிஞ்சுவது பஸ் தரிப்பிடம். அடுத்த நாள் விடிந்தால் அதே ஊரில், அதே முகங்களுக்கு முன்னால் நடந்து போக வேண்டும்.

மனோகரனிடம் திரும்பி வருவோம். மரண விசாரணையில் பகிரங்கமாகச் சாட்சி சொல்ல முன்வந்தவர் அவர். மற்றக் குடும்பங்கள் அச்சத்தில் வாயடைத்து நின்றன. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் பிள்ளைகளைக் காப்பாற்றுவதும் கடமைதான். சாட்சி சொன்ன பிறகு வைத்தியருக்கு மிரட்டல்கள் தொடர்ந்தன. கடைசியில் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனார். பல ஆண்டுகள் ஜெனீவா வரை போய் அதே சாட்சியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். திருகோணமலை ஒரு வைத்தியரை இழந்தது. நேர்மைக்கான செலவுக் கணக்கில் இதை யாரும் எழுதுவதில்லை: நேர்மையானவர் ஊரை விட்டுப் போகும்போது அவர் தொழிலும் ஊரை விட்டுப் போகிறது, அவரிடம் மருந்து எடுத்த நோயாளிகள் வேறு இடம் தேடுகிறார்கள்.

அதே 2006இல், ஓகஸ்ட் மாதம் குடாவுக்கு அக்கரையில் மூதூரில் நடந்தது இன்னும் கொடியது. அதில் தொழில்தருநரின் பொறுப்பு என்ற கேள்வியும் சேர்ந்திருக்கிறது. பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான ஏ.சி.எவ். சுனாமிக்குப் பின் இந்த மாவட்டத்தில் குடிநீர், சுகாதாரப் பணிகள் செய்துகொண்டிருந்தது. திருகோணமலையிலிருந்து மூதூருக்கு வேலைக்குப் போன அதன் உள்ளூர் ஊழியர்கள் அங்கு வெடித்த சண்டையில் சிக்கிக்கொண்டார்கள். அலுவலகத்திலேயே இருங்கள், நிறுவனத்தின் சட்டையைப் போட்டிருங்கள், அதுதான் பாதுகாப்பு என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. தொண்டு நிறுவனங்களின் வழக்கமான நம்பிக்கை அது. ஓகஸ்ட் 4ஆம் திகதி அந்த அலுவலக வளவிலும் அதன் அருகிலும் 17 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நால்வர் பெண்கள்.

கொலைக்குப் பொறுப்பு கொன்றவர்களுக்கு. அதில் இரண்டாவது பேச்சு இல்லை. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் தலைவராக இருந்த சுவீடன் நாட்டு ஓய்வுபெற்ற ஜெனரல் உல்ஃப் ஹென்ரிக்சன், பாதுகாப்புப் படைகளே இதற்குப் பொறுப்பு என்று ஓகஸ்ட் 30இல் பகிரங்கமாக முடிவு சொன்னார். இருதரப்பையும் சமாளித்துப் போக வேண்டிய பதவியில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது எளிதான காரியம் இல்லை. அரசாங்கம் அதை நிராகரித்தது. ஆனால் கொன்றவர்கள் மீதான குற்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய, அசௌகரியமான கேள்வியும் நிற்கிறது. இருங்கள் என்று சொன்னவர்கள் யாரும் அந்த வளவில் இல்லை. தலைமையகம் பாரிஸில், நாட்டு அலுவலகம் கொழும்பில், முடிவு எடுத்த மேசை இக்கரையில். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனாலும் நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டை கவசமாகும் என்ற கணிப்பில், தவறினால் கட்ட வேண்டிய விலையை 17 உள்ளூர் ஊழியர்கள் கட்டினார்கள். ஏ.சி.எவ். பின்னர் இந்த வழக்கை விடாமல் பின்தொடர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உள்நாட்டு விசாரணையில் நம்பிக்கை இழந்து 2008இல் நாட்டை விட்டு வெளியேறியது. 2013 டிசம்பரில், கொலைக்கு அரசுப் படைகளே காரணம் என்று வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டி அறிக்கை வெளியிட்டது. வாய்மூடி இருந்து வேறு திட்டங்களுக்கு அனுமதி வாங்கிக்கொண்ட நிறுவனங்கள் இருந்த காலம் அது.

இனி, விசாரித்தவர்களின் கதை. இதில்தான் கோட் அணிந்த தொழில்களின் நேர்மை சோதனைக்கு வருகிறது.

2006 நவம்பரில் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. நீதியரசர் உடலகம தலைமை தாங்கியதால் உடலகம ஆணைக்குழு என்று பெயர். கடற்கரை மாணவர் கொலையும் மூதூர்க் கொலையும் அதன் பட்டியலில் இருந்தன. அதைக் கண்காணிக்க வெளிநாட்டுப் பிரமுகர்கள் கொண்ட ஒரு குழுவும் வந்தது. இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பி.என். பகவதி அதன் தலைவர். வந்த கொஞ்ச நாளிலேயே அந்தக் குழு ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டியது. ஆணைக்குழுவின் முன் சாட்சியங்களை நெறிப்படுத்துபவர்கள் சட்டமா அதிபர் திணைக்களத்துச் சட்டத்தரணிகள். அதே திணைக்களம்தான் இந்த வழக்குகளின் முதல் விசாரணைகளில் பொலிஸாருக்கு ஆலோசனை வழங்கியது. அந்த விசாரணைகள் ஏன் ஒழுங்காக நடக்கவில்லை என்று கேட்பது ஆணைக்குழுவின் வேலைகளில் ஒன்று. ஆக, கேள்வி கேட்கிறவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே அலுவலகம்.

கணக்காய்வாளர்களுக்கு இது நன்றாகப் புரியும். தான் எழுதிய கணக்கைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பது அவர்களுடைய முதல் ஆண்டுப் பாடம். கம்பனிச் சட்டத்திலும் வங்கி ஒழுங்குவிதிகளிலும் இதற்குத் தனி அத்தியாயமே உண்டு. ஒரு சிறிய கூட்டுறவுச் சங்கத்தில் பொருளாளரே கணக்காய்வாளராக இருந்தால் அங்கத்தவர்கள் கூட்டத்தைக் குழப்பிவிடுவார்கள். ஐந்து மாணவர்களின் கொலையையும் 17 தொண்டு ஊழியர்களின் கொலையையும் விசாரித்த இடத்தில் அது பிரச்சினையே இல்லை என்று அரசாங்கம் வாதிட்டது. அந்தச் சட்டத்தரணிகள் தனிப்பட்ட முறையில் நேர்மையற்றவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. உட்காரக் கூடாத நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ஆள் எப்படிப்பட்டவர் என்பது இரண்டாம் பட்சம். 'எனக்கு இதில் சம்பந்தம் இருக்கிறது, வேறொருவரை நியமியுங்கள்' என்று எழுந்து சொல்வதற்கான வாய்ப்பு அந்த அறையில் நாள்தோறும் இருந்தது.

எழுந்து போனது பகவதி குழு. விசாரணை சர்வதேசத் தரத்துக்குக் கிட்டவும் இல்லை, அதை நடத்த அரசியல் விருப்பமும் இல்லை என்று சொல்லி 2008இல் விலகியது. அதில் இருந்தவர்கள் பெரிய பெயர்கள். தொடர்ந்து இருந்திருந்தால் மரியாதையும் பயணங்களும் விருந்துகளும் தொடர்ந்திருக்கும். தங்கள் பெயர் ஒரு பொய்க்கு முலாம் பூசப் பயன்படக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அவர்களையும் இந்தக் கட்டுரையின் தலைப்புக்குள் சேர்க்கலாம். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. அவர்கள் விமானம் ஏறிப் போக முடிந்தது.

ஆணைக்குழுவின் அறிக்கை 2009இலேயே ஜனாதிபதியின் கைக்குப் போயும் ஆறு ஆண்டுகள் வெளியே வரவில்லை. ஆட்சி மாறிய பிறகு, 2015 ஒக்டோபரில் பாராளுமன்றத்துக்கு வந்தது. மாணவர் கொலையில் சீருடைக்காரர்கள் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்று கருத வலுவான காரணம் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. இதற்கிடையில் 2013 ஜூலையில் விசேட அதிரடிப்படையைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள். திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் தவணைகள் நடந்தன. முக்கிய சாட்சிகள் வெளிநாட்டில். 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று வழக்கில் இருந்த 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று நாட்டுக்கு வந்ததே 2015இல்தான். மனோகரன் மரண விசாரணையில் எழுந்து நின்றபோது அவருக்குப் பின்னால் எந்தச் சட்டமும் நிற்கவில்லை.

இதே மாவட்டத்தில் வேறு விதமான கையெழுத்துக் கதை ஒன்றும் உண்டு. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளை நாம் எல்லோரும் அறிவோம். மொத்தம் 99. 2003 பெப்ரவரியில் அரசாங்கமும் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் துணைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.யும் ஒரு உடன்படிக்கை செய்துகொண்டன. தாங்கிகளை 35 வருடக் குத்தகைக்குக் கொடுப்பது, ஆண்டுக்கு ஒரு லட்சம் டொலர், முறையான குத்தகை உறுதியை ஆறு மாதத்துக்குள் எழுதுவது என்பது பேச்சு. அந்த ஆறு மாதம் முடியவே இல்லை. உறுதி எழுதப்படாமலே கம்பனி தாங்கிகளைப் பாவித்தது, பணம் கட்டியது. அரசாங்கங்கள் மாறி மாறி வந்தன. எதிர்க்கட்சியில் இருக்கும்போது தாங்கிகளை மீட்போம் என்றவர்கள் ஆளுங்கட்சிக்கு வந்ததும் பேசாமல் இருந்தார்கள். 2022 ஜனவரியில்தான் புதிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 61 தாங்கிகள் கூட்டுத்தாபனமும் ஐ.ஓ.சி.யும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, 14 ஐ.ஓ.சி.க்கு. இது லஞ்சக் கதை என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பெட்டிக்கடைக்கு வாடகை உறுதி இல்லையென்றால் பிரதேச சபை வியாபார அனுமதி தராத ஊரில், நாட்டின் மிகப் பெரிய எரிபொருள் சேமிப்பு இடம் உறுதியே இல்லாமல் பதினெட்டு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அதற்காக ஒரு அதிகாரியும் பதில் சொல்லவில்லை. கீழே இருப்பவரிடம் பொய்யில் கையெழுத்துக் கேட்ட அதே அரசு, மேலே தான் போட வேண்டிய கையெழுத்தைப் போடாமல் விட்டது. இரண்டுக்கும் அது எந்த விலையும் கட்டவில்லை.

இனி உப்புவெளிக்கு வரலாம். போர் முடிந்த பிறகு இந்தக் கரை மாறிவிட்டது. அலஸ்தோட்டம் தொடங்கி நிலாவெளி வரைக்கும் ஹோட்டல், விடுதி, சுழியோடும் நிலையம், ஆட்டோ, படகு. ஏப்ரலில் சீசன் தொடங்கிச் செப்டம்பர் வரை ஓடும். புறாத்தீவுக்குப் படகுகள் போகும், திமிங்கிலம் பார்க்கக் கூட்டம் வரும். நல்ல காசு புழங்குகிறது. இங்கே யாரும் துப்பாக்கி நீட்டிக் கையெழுத்துக் கேட்பதில்லை. சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள்.

"தம்பி, பில்லில கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தாங்கோ. கம்பனிதானே கட்டுது" என்பது வரவேற்பு மேசையில் இருக்கும் எந்தப் பையனும் கேட்டுப் பழகிய வசனம். ஆட்களைக் கூட்டிவரும் சாரதிக்குக் கொமிஷன் உண்டு, அது அறை வாடகைக்குள் ஒளிந்திருக்கும். விருந்தாளி கட்டும் பத்து வீதச் சேவைக் கட்டணம் மேசை துடைத்தவனுக்கும் படுக்கை விரித்தவளுக்கும் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அந்த விருந்தாளிக்கு ஒருபோதும் தெரிய வராது. பாதுகாப்பு அங்கி குறைந்த படகை 'சரி, போகட்டும்' என்று விடச் சொல்லும் முதலாளி உண்டு. இரண்டு கணக்குப் புத்தகம் எழுதச் சொல்லும் முதலாளியும் உண்டு. ஒன்று வரித் திணைக்களத்துக்கு, ஒன்று வங்கிக் கடனுக்கு. வரித் திணைக்களத்தின் புத்தகத்தில் நட்டம், வங்கியின் புத்தகத்தில் கொழுத்த இலாபம். இரண்டிலும் கையெழுத்து அதே கணக்காளருடையது. பிடிபட்டால் முதலாளி 'எனக்குக் கணக்கு வழக்குத் தெரியாது, அவர்தான் பார்த்தவர்' என்பார். மறுத்தால் அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

பிரேத அறையில் நீட்டிய காகிதத்தையும் இந்த பில்லையும் ஒரே தராசில் வைக்கிறாயா என்று கேட்கலாம். வைக்கவில்லை. உயிர் வேறு, சீசன் வேலை வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் ஏற்பாடு ஒன்றுதான். பொய்யால் இலாபம் அடைகிறவர் மேலே இருக்கிறார், எழுதித் தர வேண்டியவர் கீழே இருக்கிறார், மறுத்தால் நட்டம் முழுவதும் கீழே இருப்பவருக்கு. இந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, நேர்மையாக இரு என்று இளைஞர்களுக்குப் புத்தி சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூடங்களில் விழுமியக் கல்வி, அலுவலகங்களில் உறுதிமொழி வாசிப்பு, சுவரில் சட்டமிட்ட ஒழுக்கக் கோவை. இவற்றில் ஒன்றுகூட மறுத்தவருக்கு அடுத்த மாதச் சம்பளத்தைத் தராது.

சட்டம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின், குத்தகை எங்கே, கொந்தராத்து எங்கே என்று எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை லஞ்சத்தையும் முதல்முறையாகக் குற்றமாக்கியது. அதற்கு முன் கம்பனிக்குள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவது லஞ்சச் சட்டத்தின் கண்ணுக்குப் படாது. தகவல் தருபவருக்குப் பாதுகாப்பு என்ற ஏற்பாடும் அதில் உண்டு. ஆனால் சட்டத்தின் பாதுகாப்பு முறைப்பாடு கொடுத்த பிறகு தொடங்குகிறது. உப்புவெளி விடுதியின் காசாளர் முறைப்பாடு கொடுக்கக் கொழும்புக்குப் போகிற ஆள் இல்லை. அவர் செய்வதெல்லாம் 'அண்ணை, இதை நான் எழுத மாட்டன்' என்று சொல்வது மட்டும். அந்த ஒரு வசனத்தைப் பாதுகாக்கச் சட்டத்தால் முடியாது. அதை நிறுவனம்தான் பாதுகாக்க வேண்டும்.

நிலாவெளி வீதியில் உப்புவெளியைக் கடக்கும்போது இடதும் வலதும் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் பொதுநலவாயப் போர் மயானத்தைக் கண்டிருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கு அங்கே வரிசையாகக் கற்கள். பெயர், படைப்பிரிவு, இறந்த திகதி எல்லாம் பொறித்திருக்கிறது. யார் இறந்தார், எப்போது இறந்தார் என்பதைச் சரியாக எழுதி வைப்பதற்கு ஒரு நிறுவனம் எண்பது வருடமாகப் பணம் செலவழிக்கிறது. பேரரசுகளின் போர்ப் பெருமையில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஆனால் பதிவைக் காப்பதற்கு ஆகும் செலவை நிறுவனம் ஏற்பது என்றால் என்ன என்று பார்க்க வெகுதூரம் போகத் தேவையில்லை. தங்கள் செய்தியாளரின் பெயரை ஆண்டுக்கொரு முறை ஜனவரியில் நினைவுகூரும் நமது ஊடகங்கள், உயிரோடு இருக்கும் மாவட்டச் செய்தியாளருக்கு ஒரு நியமனக் கடிதம் கொடுப்பதற்கு இன்னும் கணக்குப் பார்க்கின்றன. விளக்கேற்றும் கூட்டங்களுக்குப் போகிறேன், மனம் கனக்கத்தான் செய்கிறது. கூட்டம் முடிந்து வெளியே வந்தால் அன்றைய நிகழ்வைப் படம் எடுத்த பையனுக்குப் படத்துக்கு எவ்வளவு என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

எனவே என் வேண்டுகோள் இளைஞர்களுக்கு இல்லை, மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு. பத்திரிகை முதலாளிகளே, பிராந்தியச் செய்தியாளருக்கு நியமனக் கடிதமும் காப்புறுதியும் சட்டத்தரணி ஒருவரின் தொலைபேசி எண்ணும் கொடுங்கள். தொண்டு நிறுவனங்களே, ஆபத்தில் இருப்பது உள்ளூர் ஊழியர் என்றால் இருப்பதா வெளியேறுவதா என்ற முடிவையும் அவர் கையில் கொடுங்கள், அந்த முடிவுக்கு வேண்டிய வாகனத்தையும் கொடுங்கள். உப்புவெளி ஹோட்டல்காரர்களே, சேவைக் கட்டணத்தின் மாதக் கணக்கை ஊழியர் சாப்பிடும் அறையில் ஒட்டுங்கள். பொய் பில் எழுத மறுத்த பையனை அடுத்த சீசனுக்கு முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். சுகிர்தராஜனைக் கொன்றதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மூதூரில் 17 பேரைக் கொன்றதற்காகவும் இல்லை. கடற்கரையில் ஐந்து மாணவர்களைக் கொன்றதற்காகவும் இல்லை.